சங்கிலி ஏறிய மலை

ஒரு சங்கிலி என்றால் 66 அடி, நூறு கண்ணி. எண்பது சங்கிலி சேர்ந்தால் ஒரு மைல். நான் 1969-இல் சிங்கப்பூரில் நில அளவை வேலைக்குப் போனபோது இரும்புக் கண்ணிச் சங்கிலி மூலைக்குப் போய், எஃகு நாடா கைக்கு வந்திருந்தது. ஆனாலும் எங்கள் வேலையின் பெயர் 'செயின்மேன்'தான். நாடாவின் ஒரு முனை என் கையில், மறுமுனை ஒரு மலாய் நண்பர் கையில். புதர், சேறு, ரப்பர்த் தோட்டம், மயானம் எல்லாவற்றின் குறுக்காகவும் அதை இழுத்துக்கொண்டு போவோம். 66 அடிக்கு என் நடையில் 26 எட்டு. வேலையை விட்டுப் பல வருடமாகியும் கால் அந்தக் கணக்கிலேயேதான் நடக்கிறது.

வாரம் இரண்டு நாள் காலையில் புக்கிட் தீமா மலைக்குப் போகிறேன். பியூட்டி வோர்ல்ட் ரயில் நிலையத்தில் இறங்கி, கோப்பிக்கடையில் ஒரு கோப்பி குடித்துவிட்டு ஏறத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் உச்சி. 163 மீட்டர் உயரம். பழனி மலை ஏறியவர்கள் பார்த்தால் இது ஒரு மேடு. சிங்கப்பூரில் இதைவிட உயரமான இயற்கை நிலம் கிடையாது. மலாயில் 'தீமா' என்றால் ஈயம். ஈயமலை என்று பெயர், ஆனால் ஈயம் எடுத்த மலை இல்லை. 'தெமாக்' என்ற மரத்தின் பெயர்தான் வெள்ளைக்காரர் காதில் 'தீமா' ஆனது என்று ஒரு விளக்கம் உண்டு. இந்த மலையில் நிற்கும் மரங்களைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது.

ஏறும் வழிகள் பல. ஃபெர்ன் வேலி, ரெங்காஸ் பாதை, ஜங்கிள் ஃபால் பாதை, உச்சிக்கு நேராகப் போகும் செங்குத்துப் படிகள். நான் எப்போதும் தார்ச்சாலையில்தான் போவேன். முழங்கால் காரணம் என்று வீட்டில் சொல்வேன். உண்மைக் காரணம் அந்தச் சாலையின் மேல் எனக்குள்ள மரியாதை. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் ஏற்றத்தின் பாதியில் ஒரு தமிழ்ப் பையன் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். சாலை வேலை செய்பவன், விடுமுறை நாளில் மலை பார்க்க வந்திருக்கிறான். ஊர் காளையார்கோவில் பக்கம் என்றான். காலால் தாரைத் தட்டிவிட்டு, "அய்யா, இவ்வளவு சரிவுல யாரு ரோடு போட்டது?" என்று கேட்டான். வேறு எவரும் கேட்காத கேள்வி. மலைக்கு வருகிறவர்கள் குரங்கைக் கேட்பார்கள், கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். சாலை போடுகிறவன் சாலையைக் கேட்டான்.

"நம்ம ஆளுங்கதான் தம்பி. கால்ல விலங்கு போட்டவங்க" என்றேன்.

1819-இல் ஆங்கிலேயர் இந்தத் தீவில் கொடி ஏற்றியபோது அவர்கள் கைக்கு வந்தது ஆற்று முகத்துவாரமும் அதன் கரையும்தான். உள்ளே முழுக்கக் காடு. 1823 முதல் 1826 வரை இங்கே ஆங்கிலேயரின் நிர்வாகத் தலைவராக, ரெசிடென்டாக, இருந்த ஜான் கிராஃபர்ட், நகரத்திலிருந்து ஏழு மைல்கூட இல்லாத புக்கிட் தீமாவை அதுவரை எந்த ஐரோப்பியரும் பார்த்ததில்லை என்று எழுதிவைத்தார். அங்கே போவதற்குப் படும் பாட்டில் கப்பலேறிக் கல்கத்தாவுக்கே போய்விடலாம் என்பது அவர் கணக்கு. ஏழு மைல் என்றால் 560 சங்கிலி. நல்ல சாலையில் நான் அதை மூன்று மணி நேரத்துக்குள் நடந்துவிடுவேன். அந்த 560 சங்கிலியை வெட்டித் திறக்க ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆட்கள் 1825-இல் வந்தார்கள். சுமத்ராவின் பென்கூலனில் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்த இந்தியக் கைதிகள் அவர்கள். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட 1824 ஒப்பந்தப்படி பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனதால் கைதிகளை இங்கே மாற்றினார்கள். முதல் தொகுதி 1825 ஏப்ரல் 18-இல் இறங்கியது: 80 பேர், எல்லோரும் மதராஸ் மாகாணத்தில் தண்டனை பெற்றவர்கள். ஒரு வாரம் கழித்து வங்காளத்துக் கைதிகள் 122 பேர் வந்தார்கள். சிங்கப்பூரில் தமிழர் வரலாறு என்றால் 1819-இல், சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளையிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த எண்பது பேரை அடுத்த வரியிலேயே சொல்லியாக வேண்டும். அவர்கள் கொலை, கொள்ளை, திருட்டு வழக்குகளில் கடல் கடத்தப்பட்டவர்கள். அந்தக் காலத்துக் கச்சேரியில் குற்றம் எப்படி நிரூபிக்கப்பட்டது என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

காளையார்கோவில் என்று சொன்னதால் பையனிடம் இன்னொன்றும் சொன்னேன். 1801-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் அவரோடு எழுபதுக்கும் மேற்பட்டவர்களையும் கம்பெனி பினாங்குக்குக் கப்பலேற்றியது. சிங்கப்பூர் உருவாவதற்கு முன்பே மலாக்கா நீரிணைக் கரையில் சிவகங்கைச் சீமைக்காரர்கள் கைதிகளாக இருந்திருக்கிறார்கள். பையனுக்கு மருது பாண்டியர் கதை தெரியும், இந்தப் பகுதி தெரியாது. "பினாங்குக்கா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

சிங்கப்பூர்க் கைதிகளின் வாழ்க்கை சங்கிலியோடு தொடங்கும். புதிதாக வந்தவனுக்கு விலங்கு. ஒழுங்காக இருந்தால் வருடங்கள் போகப் போக விலங்கு இலேசாகும், பிறகு கழலும். மொத்தம் ஆறு வகுப்பு. முதல் வகுப்புக்கு உயர்ந்தவன் சிறைக்கு வெளியே குடியிருந்து சம்பாதித்துக்கொள்ளலாம். நடுவில் இருப்பவர்களிலிருந்தே காவலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கைதிக்குக் கைதியே காவல். பிற்காலத்தில் இந்தச் சிறையை நடத்திய மேக்நேர், 1899-இல் தான் எழுதிய நூலுக்கு அதையே தலைப்பாக வைத்தார். மலாய் மொழியில் 'ஓராங் ரந்தாய்' என்றால் கைதி. நேர்ப்பொருள் சங்கிலி ஆள். நானும் ஒரு வகையில் சங்கிலி ஆள்தான் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மலாய் நண்பர் சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னதில் எத்தனை பாரம் இருந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கைதிகளைக் கொண்டு சாலை போட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜார்ஜ் கோல்மன். கட்டடக் கலைஞர், நில அளவையர். 1833-இலிருந்து பொதுப்பணிகளுக்கும் கைதிகளின் வேலைக்கும் அவரே மேற்பார்வை. என் தொழிலின் கொள்ளுத்தாத்தா என்று அவரை நினைத்துக்கொள்வேன். 1835-இல் அவர் காட்டுக்குள் சாலைக்காக அளந்துகொண்டிருந்தபோது புலி ஒன்று பாய்ந்தது. ஆட்கள் பிழைத்தார்கள். புலி விழுந்தது கோணம் அளக்கும் தியோடலைட்டின் மேல். உடைந்தது கருவி மட்டும்தான். ஹைன்ரிக் லாய்ட்டமன் என்ற ஜெர்மானிய ஓவியர் பல ஆண்டு கழித்து அதை மரச்செதுக்குப் படமாக்கினார். நடுவில் முக்காலியோடு சாயும் கருவி, அதன் மேல் புலி, கைகளை விரித்தபடி பின்னால் சரியும் கோல்மன், சுற்றிலும் சிதறி விழும் மேல்சட்டை இல்லாத இந்தியர்கள்.

அந்தப் படத்தின் முன்னால் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். எல்லோர் கண்ணும் புலிக்குப் போகும். என் கண் அந்த ஆட்களுக்குப் போயிற்று. தியோடலைட் பக்கத்தில் நிற்பவன் யார் என்று எனக்குத் தெரியும். சங்கிலி பிடிப்பவன், கோல் நடுபவன், புதர் வெட்டுபவன். நான் செய்த வேலை. காட்டில் அளவை நடக்கும்போது முன்னால் போகிறவன் அதிகாரி இல்லை. நேர்கோடு தெரிவதற்காக முதலில் புதருக்குள் நுழைகிறவன் கத்திக்காரன். என் காலத்தில் அப்படி நுழைந்தபோது என்னைக் கடித்தது செவ்வெறும்பும் அட்டையும். அவர்கள் காலத்தில் அங்கே புலி படுத்திருந்தது. கோல்மன் பெயரில் நகரத்தில் இன்றும் ஒரு தெரு இருக்கிறது. படத்தில் விழுந்து கிடக்கும் ஆட்களில் ஒருவனுக்கும் பெயர் இல்லை.

புலிகள் பெருகியதாக அப்போது எழுந்த கூச்சலுக்குக் காரணம் காம்பிர் தோட்டங்கள். காம்பிர் இலையைக் கொதிக்கவைத்துச் சாறு இறுக்கி எடுப்பார்கள். தோல் பதனிடவும் சாயத்துக்கும் வெற்றிலையோடு மெல்லவும் ஆகும். கொதிக்கவைக்க விறகு வேண்டும், விறகுக்குக் காடு வேண்டும். ஒரு தோட்டத்து மண் சில வருடங்களில் சத்திழந்துவிடும். சீனத் தோட்டக்காரர்கள் அதை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்வார்கள். விட்டுப்போன இடத்தில் புல்லும் புதரும் மண்டும். அங்கே காட்டுப்பன்றியும் அதைத் தேடிப் புலியும் வரும். நாளுக்கு ஒருவர் புலிவாயில் போகிறார் என்பது அன்று ஊரெங்கும் நிலவிய பேச்சு. ஒரு புலிக்கு 100 டாலர் வரை வெகுமதி கிடைத்தது. அப்போதும் கைதிகளையே கூப்பிட்டார்கள். துப்பாக்கி கொடுத்துக் குழு குழுவாகக் காட்டுக்குள் அனுப்பினார்கள். விலங்கு மாட்டியவன் கையில் அதே அரசாங்கம் துப்பாக்கியையும் கொடுத்தது என்பதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஓடிப் போக அவர்களுக்கு எந்த இடமும் இல்லை. ஊர் கடலுக்கு அப்பால்.

இந்த மலையின் உச்சிக்குச் சாலை போட்டது 1843-இல். மேலே ஓர் அரசாங்க பங்களா, குளிர்ந்த காற்று வாங்க. அன்று அரசாங்கச் சாலை என்றால் மண்வெட்டி பிடித்த கை கைதியின் கை. இரண்டு வருடம் கழித்து, 1845-இல், மலையடிவாரத்துப் பெரிய சாலை தீவின் வடகரையில் உள்ள கிராஞ்சி வரை போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் தீவை நகரத்திலிருந்து ஜொகூர் நீரிணை வரை கடக்க முடிந்தது. நகரத்தில் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தையும் கைதிகளே கட்டினார்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசிய சுவர், மெருகேற்றினால் பளிங்குபோல் ஆகும். மதராஸ் கொத்தனார் கைவேலை அது. தேவாலயத்துச் சுவரைப் பற்றிப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள், பார்க்க வருகிறவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். சாலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சாலை என்பது மேலே நடப்பதற்கு. பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுத் தார் மூடிவிடும்.

சாலை வந்ததால் வந்தவர்களில் ஒருவர் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1854-இல் புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் மாதா கோயில் வீட்டில் தங்கி வண்டு பிடித்தார். இரண்டு மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகள், அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு சதுர மைலுக்குள் கிடைத்தவை. அதற்கு அவர் சொன்ன காரணம் விநோதமானது: சீன மரவெட்டிகள் மரங்களை வீழ்த்திக்கொண்டே இருந்ததால் பட்டையும் மரத்தூளும் அழுகும் இலையும் எப்போதும் குவிந்து கிடந்தன, அதில் வண்டு பெருகியது. காடு அழிகிற இடத்தில் நின்றுதான் அவர் காட்டின் செல்வத்தை எண்ணினார். புலிக்குழிகளையும் அவர் குறித்திருக்கிறார். குச்சியும் இலையும் போட்டு மூடிய பதினைந்து இருபது அடி ஆழக் குழிகள். முன்பெல்லாம் அடியில் கூர்மையான கழு நட்டிருப்பார்களாம். வழிப்போக்கன் ஒருவன் விழுந்து செத்தபிறகு கழு வைக்கத் தடை வந்தது. நடைபாதையை விட்டு விலகாதீர்கள் என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வழிப்போக்கன் ஞாபகம் வரும்.

மலையின் மறுபக்கம் டெய்ரி ஃபார்ம் பூங்காவில் பழைய மாட்டுத் தொழுவம் ஒன்றைச் சீராக்கி 2009-இல் வாலஸ் பெயரில் கல்வி நிலையமாக்கினார்கள்.

1867-இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து நேரடியாக லண்டனுக்குக் கீழே போயின. இந்தியக் கைதிகளை இனி இங்கே அனுப்புவதற்கில்லை. 1873-இல் சிறை கலைந்தது. தண்டனை மிச்சமிருந்தவர்கள் அந்தமானுக்குப் போனார்கள். விடுதலையானவர்களில் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே வண்டியோட்டி, மாடு வளர்த்து, பால் விற்றுக் குடும்பமானார்கள். அவர்கள் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று தங்களை யார் என்று சொல்லிக்கொள்வார்கள் என்று தெரியாது. கைதியின் வாரிசு என்று யாரும் பெயர்ப்பலகை மாட்டுவதில்லை. மாட்டலாம் என்பது என் எண்ணம்.

கைதிகள் போன பத்து வருடத்தில் காடு தீர்ந்துவிடும் நிலைக்கு வந்தது. தாவரவியல் பூங்காவின் தலைவர் நத்தானியல் கேன்ட்லி நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி 1883-இல் ஓர் அறிக்கை கொடுத்தார். மரம் போனால் மழையும் மண்ணும் போகும், மிச்சத்தையாவது வேலி கட்டிக் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பேரில் ஒதுக்கிய காப்புக் காடுகளில் ஒன்று புக்கிட் தீமா. மற்றக் காடுகளைப் பின்னால் ஒவ்வொன்றாக மரத்துக்கும் நிலத்துக்கும் தின்றுவிட்டார்கள். 1937 வாக்கில் தாங்கி நின்றவை புக்கிட் தீமா, பாண்டான், கிராஞ்சி என்ற மூன்றுதான். 1951-இல் காப்புக் காடுகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அப்படியும் மலையின் இடுப்பில் கருங்கல் குவாரிகள் வெடித்துக்கொண்டே இருந்தன. ஹின்ட்ஹீட் குவாரி இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கும் குளம். சுவர்போல வெட்டிய பாறையைப் பார்த்தால் மலை எவ்வளவு கொடுத்திருக்கிறது என்று புரியும்.

நான் வேலையில் இருந்த காலத்தில் நடந்தது ஒன்று. புக்கிட் தீமா விரைவுச்சாலை 1986-இல் திறந்தபோது இந்த மலைக் காட்டுக்கும் கிழக்கே நீர்த்தேக்கக் காட்டுக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. எலும்பும் தசையுமாக ஒட்டியிருந்த உடம்பில் கத்தி இறங்கியதுபோல. இந்த மலை ஓடைகளில் வாழும் ஒரு சிறு நன்னீர் நண்டுக்கு அறிவியல் பெயர் வைத்ததும் அதே 1986-இல்: ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ். இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. நிலத்தில் கோடு இழுப்பது என் பிழைப்பு. அந்தக் கோடு எதை அறுக்கிறது என்று கேட்கும் பழக்கம் அப்போது எங்களில் யாருக்கும் இல்லை. விரைவுச்சாலைக்கு மேலே விலங்குகள் கடக்க 62 மீட்டர் நீளத்தில் ஒரு பச்சைப் பாலம் கட்டி முடித்தது 2013-இல். அறுத்ததை ஒட்டுவதற்கு 27 வருடம்.

இதையெல்லாம் ஒரே மூச்சில் பையனிடம் சொல்லவில்லை. ஏற்றத்தில் பேச எனக்கும் மூச்சு இல்லை. பாதியில் நின்று, ஒரு செராயா மரத்தை அண்ணாந்து பார்த்தோம். அதன் அடிமரம் இரண்டு பேர் கைகோத்தாலும் அடங்காது. துடுப்புவால் கரிச்சான் ஒன்று சாலையின் குறுக்கே பறந்தது. வாலிலிருந்து இரண்டு நூல் தொங்கி, நுனியில் இரண்டு சிறகு. தூரத்தில் விரைவுச்சாலையின் இரைச்சல், ஓயாத அருவி மாதிரி. உச்சியில் 163.63 மீட்டர் என்று எழுதிய பாறை முன்னால் ஒரு வரிசையே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. பையனும் எடுத்துக்கொண்டான். அம்மாவுக்கு அனுப்பினான்.

இறங்கும்போது அவன் என்னைவிட மெதுவாக வந்தான். ஒரு வளைவில் நின்று, சாலை ஓரத்துக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து, கன்னத்தைச் சாய்த்து சாலையின் மட்டத்தோடு கண்ணை வைத்துப் பார்த்தான். மட்டக்கோல் இல்லாத இடத்தில் நாங்களும் அப்படித்தான் பார்ப்போம். முந்தின இரவு நல்ல மழை. ஆனால் வளைவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. தார் புதிது, அது இந்தக் காலத்து வேலை. வளைவு மட்டும் மலை கொடுத்தது. பாரவண்டி ஏறுவதற்கு இந்தச் சரிவில் வேறு இடம் கிடைக்காது. முதலில் வந்தவன் எவனோ இங்கேதான் கோல் நட்டிருக்க வேண்டும்.

"வாட்டம் நல்லா எடுத்திருக்காங்க அய்யா" என்றான். எழுந்து, முழங்காலில் ஒட்டிய ஈர இலையைத் தட்டினான்.

அங்கிருந்து வாசல் வரை எட்டுகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன்.